உயரம் 134

புரட்டாசி பாதி கழிந்தும் மழை இறங்கவில்லை. உழுது போட்ட கரிசல் காடு விதைப்புக்குக் காத்துக் கிடந்தது. கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறி, எட்டயபுரம் தாண்டி இறங்கி, வேலிக்கருவைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் அந்த நடுநிலைப் பள்ளி. காலாண்டு விடுமுறை முடிந்து திறந்த வாரம். என் அத்தையின் வயதுக்குச் சான்று வேண்டியிருந்ததால், அவர் படித்த காலத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய கட்டுகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை அறையிலேயே சுவரோரப் பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெண் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதைக் கொஞ்சம் கடந்திருக்கும். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை, காலியாக, நாலாக மடித்து. வலது கையில் பெருவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் தோல் தடித்திருந்தன. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறாள் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"யாரப் பாக்கணும்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"ஆறாப்புல ஒரு பையன் டீச்சர்." பெயரைச் சொன்னாள்.

"நீங்க?"

"அவன் அம்மா."

தலைமை ஆசிரியையின் பேனா நின்றது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அதிலிருந்து ஒரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"அவங்க அப்பா எழுதிக் குடுத்திருக்காரும்மா. அம்மா வந்து கேட்டா எந்தத் தகவலும் சொல்லக் கூடாது, பையனப் பாக்கவும் விடக் கூடாதுன்னு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அந்தத் தாள் நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். அடியில் ஒரு கையெழுத்து, அதற்கும் கீழே சாட்சி என்று இரண்டு பெயர். முத்திரை இல்லை, வழக்கு எண் இல்லை, எந்த நீதிமன்றத்தின் பெயரும் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"பாக்க வரல டீச்சர். அவனக் கூப்பிட வேண்டாம். நான் வந்தது தெரிஞ்சா அவன் ஆச்சி அவனத்தான் வைவா. எப்படிப் படிக்கான், ஒழுங்கா பள்ளிக்கூடம் வாரானான்னு மட்டும் சொன்னாப் போதும். அப்புறம்..." பையை ஒரு முறை நீவிவிட்டாள். "அவன் இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கான் டீச்சர்? தீவாளிக்கு ஒரு டவுசர் சட்டை எடுக்கணும். கடையில வயசு கேக்கான். பதினொண்ணுன்னா, தாட்டியா ஒல்லியாங்கான். எனக்குச் சொல்லத் தெரியல."

மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் நடுவில் ஒரு பையன் எவ்வளவு வளர்வான் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்கே சரியாகத் தெரியாது.

இந்தப் பக்கத்துப் பிரிவுகள் பல கோர்ட் வாசலை மிதிப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், இரண்டு பக்கத்து மாமன் மச்சான், ஒரு பத்திரத்தாள். சாயங்காலம் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பேசி அத்து விட்டுவிடுவார்கள். வெண்கலப் பானை, குத்துவிளக்கு, கட்டில், பீரோ, கழுத்து நகை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி, எண்ணித் திரும்பும். பிள்ளைகளும் அந்தப் பட்டியலில்தான் வருவார்கள்: ஆண்பிள்ளை அப்பனோடு, பொம்பளைப்பிள்ளை ஆத்தாளோடு. இவளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. மகள் இவளோடு கோவில்பட்டியில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். மகன் இங்கே, ஆச்சி தாத்தாவோடு. அவன் அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில்.

வழக்கப்படி அத்து விடுவதைச் சட்டம் முழுவதும் தள்ளிவிடவில்லை. அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க முடிந்தால், 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் 29-ஆவது பிரிவில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு புருஷன் பெண்டாட்டி உறவுக்கு மட்டும்தான். பிள்ளை விஷயத்தில் ஊர் எழுதிய தாளால் எந்த நீதிமன்றத்தையும் கட்டிப்போட முடியாது. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 1956-இன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, அப்பா ஒருவர் தானாக எழுதிக் கொடுத்த நோட்டுத் தாளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுப்பட வேண்டியதே இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அந்த அறையில் எனக்குப் பேச இடமில்லை. தலைமை ஆசிரியையின் பயமும் பொய்யான பயம் இல்லை என்பது அவர் அடுத்துச் சொன்னதில் தெரிந்தது.

"முந்தி நான் இருந்த பள்ளிக்கூடத்துல ஒரு தகப்பன் படிப்புச் சான்று வேணும்னு வந்தாரு. குடுத்தோம். மறுநாள் கேட்டுல நின்னு பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆத்தா வீட்டு ஆட்கள் முப்பது பேரு வந்து பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் க்ளாஸ் டீச்சரும்தான் அலைஞ்சோம். மெமோ எனக்குத்தான் வந்துச்சு."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "சரிதான் டீச்சர். உங்களுக்கும் கஷ்டம்தான்." எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைமை ஆசிரியை ஆறாம் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். இளைஞர், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

"எமிஸ் பதிவெல்லாம் சரிபாக்கணும் சார். உங்க க்ளாஸ் பதிவேட்டக் கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தார். தலைமை ஆசிரியை பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வரிசை எண்களின் மேல் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு ஆசிரியரைப் பார்த்து, வராந்தாவுக்குக் கேட்கிற குரலில் வாசித்தார்.

"வருகை. ஜூன்ல இருந்து மூணு நாள்தான் லீவு. சரியா?"

"சரிங்க மேடம்."

"தமிழ் 71. இங்கிலீஷ் 48. கணக்கு 83."

"கணக்கு நல்லாப் போடுவான் மேடம்."

"உயரம் 134. எடை 27. காலணி அளவு 3."

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வகுப்பு ஆசிரியர் ஒரு முறை பெஞ்சைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்ததை அவராகவே சொன்னார்.

"கண் பரிசோதனைக்கு வந்தாங்கள்ல மேடம், அதுல இவனுக்குப் பார்வை குறைச்சல்னு எழுதியிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிச் சீட்டு குடுத்துவிட்டோம். இன்னும் போகல. முதல் பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன்."

"எந்தக் கண்ணு சார்?"

அதுவரை யாரும் அவளிடம் பேசுவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது அவள் நேராகக் கேட்டுவிட்டாள். ஆசிரியர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். அவர் பதிவேட்டை மூடாமல் இருந்தார்.

"இடது கண்ணு" என்றார் ஆசிரியர்.

"சின்னதுல டிவி பாக்கையில தலையச் சாய்ப்பான் சார். நான் அது ஏதோ பழக்கம்னு நெனச்சேன். சீட்டு இருந்தா எனக்கு ஒண்ணு குடுங்க. எங்க அண்ணன் மூலமா அவங்க தாத்தாகிட்டச் சொல்லச் சொல்லுதேன். நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

தலைமை ஆசிரியை சீட்டைக் கொடுக்கவில்லை. "தாத்தா நாளைக்கு இந்தப் பக்கம் வருவாரு, நானே மறுபடி சொல்லுதேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் எழுந்து இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

அந்த அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. மெமோவுக்குப் பயந்த ஒருவர் தன்னால் முடிந்த வழியில் மனசாட்சிப்படி நடந்துகொண்டார். என்னைக் கலங்க வைத்தது வேறு. இத்தனை சுற்றி வளைத்துச் செய்ததை நேராகவே செய்யும்படி அவருக்குச் சட்டம் உத்தரவு போட்டிருக்கிறது. அது அவருக்கு யாரும் சொல்லித் தராத உத்தரவு.

2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை இலவச அனுமதிக்கும் 25 சதவீத இடத்துக்கும் மட்டுமே உரியதாக நினைக்கிறோம். அதன் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரையும் பாதுகாவலரையும் அவ்வப்போது கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், அடைந்திருக்கும் முன்னேற்றம், பிள்ளை பற்றிய மற்ற தேவையான தகவல்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பெற்றோர் என்றால் யார் என்பதை அதே சட்டம் 2-ஆவது பிரிவில் தெளிவாக்குகிறது: பெற்ற, மறுமணத்தால் அமைந்த, அல்லது தத்தெடுத்த தாயோ தந்தையோ. பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்ற கேள்வியே அந்த வரையறையில் இல்லை. பிள்ளையைக் கையில் வைத்து வளர்ப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பாதுகாவலர்' என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் கலக்கவில்லை. கலப்பது நாம்தான்.

அந்தப் பெண் அந்தப் பையனின் பெற்றோர். 24-ஆவது பிரிவின்படி அவளுக்கு 71, 48, 83 எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். இடது கண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்குள் என் அத்தையின் பதிவேடு கிடைத்துவிட்டது. செல்லரித்த ஓரம், நீல மை. 'தகப்பனார் அல்லது பாதுகாவலர்' என்ற கட்டத்தில் தாத்தாவின் பெயர், தொழில் விவசாயம். ஆச்சிக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. இன்றைக்கு எமிஸ் என்னும் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அம்மா பெயருக்கும் கட்டம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அதே 2009 சட்டம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஆனாலும் பள்ளியிலிருந்து செய்தி போவது ஒரு செல்போனுக்கு. அந்த எண் யாருடையதோ அவரே பெற்றோர். மற்றவர், பெயர் பதிவேட்டில் இருந்தாலும், வெளியாள்.

தாயின் கையெழுத்து செல்லாது என்று சொன்ன காலம் ரொம்பப் பழசு இல்லை. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின்பே தாய் என்று 1956 சட்டத்தின் 6-ஆவது பிரிவு எழுதியிருந்தது. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்பு' என்பதற்குத் தகப்பன் இறந்த பின்பு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பிள்ளையின் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவு பிள்ளையோடு இருக்கும் தாய்க்குத் திறந்தது. பிள்ளையைப் பிரிந்திருப்பவருக்கு, தாயானாலும் தகப்பனானாலும், வேறு கதவு வேண்டியிருக்கிறது.

அதற்கும் ஒரு திட்டம் தயாராகவே இருக்கிறது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் கொடுத்த 257-ஆவது அறிக்கை காப்பாளர் உரிமை, பிள்ளைப் பராமரிப்பு பற்றியது. கூட்டுப் பராமரிப்பைப் பரிந்துரைத்த அறிக்கை என்று வக்கீல்களுக்குத் தெரியும். அதற்குள், பிள்ளை தன் வசம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ பிள்ளையின் மருத்துவ, பள்ளிப் பதிவேடுகளை மறுக்கக் கூடாது என்ற யோசனையும் இருக்கிறது. பத்து ஆண்டு கடந்துவிட்டது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் 1974-இலேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். பிரிந்த பெற்றோரில் எவர் கேட்டாலும், அவருக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவு பள்ளியின் கையில் இல்லாதவரை, 45 நாளுக்குள் பதிவேட்டைக் காட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் உள்ளாட்சி நிர்வாகங்கள் பராமரிக்கும் பள்ளிகளுக்கு 2005-இன் விதிகள் 15 பள்ளி நாள் கெடு வைக்கின்றன. இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம் குடும்பச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தடை உத்தரவு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும். நம் தலைமை ஆசிரியைக்கும் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த நோட்டுத் தாளை வாங்கும்போதே, "கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்று சொல்லியிருப்பார்.

பதிவேட்டைக் காட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது என்பது கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் தெரியும். வேப்ப மரத்தடியில் வக்கீல்களின் பைக்குகள், டீ வாங்கிவரும் பையன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெண்கள். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வீடு மாறி மூன்று மாதம் ஆகியிருக்கிறது. புருஷன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், மார்க் பார்க்க வந்தேன் என்று சொல்லி, பதிவேட்டிலிருந்த புது முகவரியைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் காலை தெருமுனையில் நின்றிருக்கிறான். அவள் இடது கையில் முழங்கைக்குக் கீழே எலும்பு சரியாகக் கூடாத வளைவு. அதைப் பற்றி அவள் பேசவில்லை. சேலைத் தலைப்பை அதன் மேல் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய பயத்தைக் கணக்கில் எடுக்காத எந்த விதியும் எனக்கு வேண்டாம். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி நடுவர் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். எதிர்த்தரப்பு வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் அதையும் மறுக்கலாம். அப்படிப்பட்ட உத்தரவு இருக்கிற வீட்டில் பள்ளியின் வாய் மூடியிருக்க வேண்டும். உத்தரவு வராத காலத்திலும் முகவரி, போன் எண், எந்த வேனில் வருகிறாள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் ஆகியவற்றை யாருக்கும் சொல்லக் கூடாது. மாற்றுச் சான்றிதழையும் ஒருவர் மட்டும் வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஆனால் மதிப்பெண், வருகை, உயரம், எடை, கண் ஆகியவற்றில் ஒளிக்க என்ன இருக்கிறது? முகவரியை மறைத்துவிட்டு மதிப்பெண்ணைக் காட்டுவது நடக்காத காரியம் இல்லை. பதிவேட்டின் அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால் ஒன்றுக்குப் பயந்து மற்றதையும் பூட்டி வைக்கிறோம்.

2020-இல் உச்ச நீதிமன்றம் யஷிதா சாகு வழக்கில், பிள்ளைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைக்க உரிமை இருக்கிறது என்றது. நேரில் பார்க்க முடியாதபோது போனிலும் வீடியோ அழைப்பிலும் பேச வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த துணையை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நடத்துங்கள், பிள்ளையின் முன் பலகாரம் கொடுத்து உபசரியுங்கள் என்று ஒரு வழக்கில் சொன்னார். கரிசல் காட்டில் எதிரியானாலும் வாசலுக்கு வந்தவனுக்குத் தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அந்த வழக்கத்தைத்தான் நீதிபதி பிரிந்தவர்களுக்கு நினைவூட்டியிருக்கிறார். வீட்டு வாசலுக்குப் பொருந்துவது பள்ளி வாசலுக்கும் பொருந்த வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

வக்கீல்களிடமும் ஒரு வேண்டுகோள். இருவரும் சம்மதித்துப் பிரியும் மனுக்களில் பவுன் கணக்கு வருகிறது, ஜீவனாம்சம் வருகிறது, எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் பிள்ளையைப் பார்ப்பது என்பதும் வருகிறது. பள்ளிக்கூடம் வருவதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு பிள்ளையின் பராமரிப்பைப் பற்றி மட்டும் இல்லை, கல்வியைப் பற்றியும் உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 'தேர்ச்சி அறிக்கையின் நகலை இருவருக்கும் பள்ளி தர வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். பிறகு எத்தனையோ பேர் கேட்டில் நிற்க வேண்டியிருக்காது.

அந்த ஒரு வரி இல்லாமல் நின்ற ஒருவரைத் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதுபவரிடம் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரியின் டிரைவர். உதட்டில் வெடிப்பு, கண்ணில் தூக்கம் பாக்கி. மனு எழுதுபவருக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கோர்ட் ஆர்டர் நகல். பள்ளிக் கட்டண ரசீதுகள், தேதி வரிசையில் அடுக்கி, மூலையில் நூல் கோத்து. மகள் எட்டாம் வகுப்பு. தாயின் பொறுப்பில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்கலாம். பாதி ஞாயிறுகளில் லாரி நாக்பூர்ப் பக்கம் நிற்கும்.

"பீசு நான்தான் கட்டுதேன் அண்ணாச்சி. போன்லயே அனுப்பிருவேன். ரசீது எனக்குத்தான் வருது. ரேங்க் கார்டு கேட்டா, கஸ்டடி அம்மாகிட்ட, அவங்களக் கேளுங்கங்காங்க. க்ரூப்புல இருந்து என் நம்பரயும் எடுத்துட்டாங்க."

"அந்தம்மாகிட்டக் கேக்க வேண்டியதுதான?"

"எங்களுக்குள்ள பேச்சு இல்ல அண்ணாச்சி. பிள்ளைகிட்டக் கேக்கலாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கெடைக்கி. அதுல போய் மார்க்கு என்னன்னு கேட்டா அது மூஞ்சிய எப்படி வச்சுக்கிடும்? அந்த ரெண்டு மணி நேரமும் போயிரும்."

மனு எழுதுபவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். பிறகு ஆர்டரை முழுக்கப் படித்தார். விரல் வைத்து, வரி வரியாக. "இதுல பள்ளிக்கூடத்துக்குத் தடைன்னு ஒண்ணும் போடல" என்றார். "கேக்கலாம்."

பெறுநர் என்று மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகள் என்று எழுதினார். 2009 சட்டம், 2-ஆவது பிரிவு, 24-ஆவது பிரிவு என்று அவரே போட்டார். இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும், பிள்ளை அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும், அதனால் சுருக்காக நடவடிக்கை வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். நான் பார்த்த மனுக்களில் அவ்வளவு சட்டம் தெரிந்து எழுதிய மனு அபூர்வம். கேட்பது மூன்று: பருவத் தேர்வு மதிப்பெண் நகல், மாதாந்திர வருகை விவரம், பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு; லாரியில் இருக்கும் நாட்களில் கூட்டத்தில் பேசியதைப் போனில் தெரிவித்தாலும் போதும்.

வாசித்துக் காட்டினார். டிரைவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். போடவில்லை.

"இன்னொண்ணும் எழுதுங்க அண்ணாச்சி. வீட்டு அட்ரஸ் நான் கேக்கலன்னு எழுதுங்க. அதத்தான் அவ பயப்படுதா. பிள்ளை எங்க இருக்கான்னு எனக்கு வேண்டாம், எப்படி இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

மனு எழுதுபவர் இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் நடுவில் இடம் பார்த்து, பொடி எழுத்தில், முகவரி விவரம் எதுவும் கோரப்படவில்லை என்று சேர்த்து எழுதினார். அதன் பிறகே அவர் கையெழுத்துப் போட்டார்.